சிங்கப்பூரின் இறால் மீ: மன்னார்குடியிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

மன்னார்குடியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் தம் பெற்றோரை அழைத்துக்கொண்டு திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லவிருக்கிறார். அங்கே எல்லோரும் புகழும் இறால் மீ (மீ என்றால் நூடுல்ஸ்) போன்ற கடலுணவு நூடுல்ஸ் விற்கும் கடை ஒன்றில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பது தகுமா, என்ன கேட்டு வாங்க வேண்டும், பன்றி இறைச்சி தொடாத அப்பாவுக்கும் செவ்வாய், வெள்ளியில் அசைவமே தொடாத அம்மாவுக்கும் என்ன வழி, பிடித்துப்போனால் ஊருக்குத் திரும்பி வீட்டில் செய்துபார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். நாகப்பட்டினத்தில் இறால் வாங்கி விற்கும் குடும்பத்தில் பிறந்து, வேலை நிமித்தம் சில ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். மற்றக் கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அதிலிருந்துதான் பிறக்கிறது. தட்டு வந்ததும் மேலே எத்தனை இறால் கிடக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நம்மவர் வழக்கம். இந்த உணவில் அந்தக் கணக்கு உதவாது, ஏனென்றால் இதன் உயிர் நூடுல்ஸ் குடித்திருக்கும் சாற்றில் இருக்கிறது. இறாலின் தலையையும் ஓட்டையும் எண்ணெயில் வறுத்து, நீர் ஊற்றிக் காய்ச்சி, வடித்தெடுப்பதுதான் அந்தச் சாறு. அக்கரைப்பேட்டைத் துறைமுகத்தில் இறங்கும் இறாலில் பெரும்பகுதி வெளியூருக்குப் போகுமுன் தலை கிள்ளப்படுகிறது. இறாலின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலைதான் என்றாலும், வியாபாரத்தில் அதைக் கழிவு என்றே எழுதி வைக்கிறோம். ஆனால் தலைக்குள் கொழகொழவென்று இருக்கும் செரிமானச் சுரப்பியில்தான் கொழுப்பும் சுவை தரும் அமினோ அமிலங்களும் செறிந்திருக்கின்றன. ஓட்டிலுள்ள அஸ்டாசாந்தின் என்னும் நிறமி, பச்சை இறாலில் ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால் சாம்பல் நிறமாகவோ நீலம் கலந்தோ தெரியும். சூடு பட்டதும் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து சிவப்பு வெளிப்படும். அந்த நிறமி கொழுப்பில் கரையும், நீரில் கரையாது. தலையை முதலில் எண்ணெயில் வறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வறுக்காமல் நேரே கொதிநீரில் போடும் கடையில் சாறு வெளிறியும் வாசனை மேலோட்டமாகவும் இருக்கும். நம் மீனவக் குடியிருப்புகளில் தலையோடு குழம்பு வைக்கும் வீடுகளுக்கு இது புதிய செய்தியாக இராது.

இந்தச் சாற்றைக் கொண்டு சிங்கப்பூரில் முக்கியமாக இரண்டு உணவுகள் செய்கிறார்கள். ஒன்று இறால் மீ. வேகவைத்த நூடுல்ஸின் மேல் கொதிக்கும் சாற்றை ஊற்றிக் கிண்ணத்தில் தருவார்கள். நூடுல்ஸை மிளகாய் விழுதில் புரட்டி, சாற்றைத் தனிக் கிண்ணத்தில் வைக்கும் உலர்ந்த வகையும் உண்டு. மற்றொன்று ஹொக்கியன் மீ. சீனாவின் பூஜியன் மாகாணத்திலிருந்து வந்த ஹொக்கியன் மக்களின் கைப்பக்குவம் இது. போருக்குப் பிந்தைய காலத்தில் ரோச்சோர் பகுதியில் நூடுல்ஸ் ஆலைத் தொழிலாளர்கள் மிஞ்சிய நூடுல்ஸைக் கரியடுப்பில் வறுத்துத் தின்றதிலிருந்து பிறந்தது என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். இரும்பு வாணலியில் முட்டையை உடைத்து ஊற்றி, மஞ்சள் கோதுமை நூடுல்ஸையும் வெள்ளை அரிசி நூடுல்ஸையும் சேர்த்துக் கடும் தீயில் புரட்டி, சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டு, மூடி போட்டு வற்றவைத்து, மறுபடியும் விட்டு வற்றவைத்து, கடைசியில் இறால், கணவாய், முளைப்பயறு ஆகியவற்றைச் சேர்த்து இறக்குவார்கள். வறுவல் என்ற பெயர் இருந்தாலும் பாதி வேலை வேகவைப்பதுதான். கணவாய் ஓரிரு நிமிடத்துக்கு மேல் வெந்தால் ரப்பராகிவிடும் என்பதால், அதைக் கடைசியில் போடும் கடைக்காரரைக் கண்டால் நம்பி உட்காரலாம்.

மஞ்சள் நூடுல்ஸின் நிறத்தை முட்டையின் நிறம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மாவில் சேர்க்கும் காரநீரால் வருவது; இங்கே காரம் என்பது மிளகாயின் உறைப்பு அல்ல, கார உப்பு. கும்பகோணத்தில் அப்பள மாவில் சேர்க்கும் அப்பளக்காரமும் அதே இனத்தைச் சேர்ந்த உப்புதான். கோதுமை மாவிலுள்ள நிறமிகள் காரம் பட்டதும் மஞ்சளாகின்றன, மாவும் இழுத்தால் துள்ளும் தன்மையைப் பெறுகிறது. அதனால்தான் சில கடைகளில் முதல் வாயிலேயே லேசான சோப்பு வாடை அடிக்கிறது: நூடுல்ஸைக் கொதிநீரில் அலசாமல் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அரிசி நூடுல்ஸ் மட்டும் போதும் என்றாலும் தருவார்கள், ஆனால் சாற்றை உறிஞ்சுவதற்கு ஒன்றும் பல்லுக்குத் துள்ளுவதற்கு ஒன்றுமாக இரண்டும் கலந்திருப்பதே சிறப்பு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பயணத்தில் கோலாலம்பூரையும் பினாங்கையும் சேர்த்திருந்தால், ஹொக்கியன் மீ என்று கேட்டு ஊருக்கு ஒன்றாக வாங்குவீர்கள். கோலாலம்பூரில் அது கறுப்பு சோயா சாற்றில் வறுத்த தடித்த நூடுல்ஸ். பினாங்கில் சிங்கப்பூரின் இறால் மீயைப் போன்ற, காரம் கூடிய சாற்று வகை. பினாங்குக்குப் போகிறவர்கள் ஆசாம் லக்சாவைத் தவறவிடக் கூடாது என்பது என் கருத்து. தேங்காய்ப்பால் சிறிதும் இல்லாமல், கானாங்கெளுத்தி மீனைப் புளிப்போடு காய்ச்சி, அரிசி நூடுல்ஸின் மேல் ஊற்றி, புதினாவும் அன்னாசியும் வெங்காயமும் தூவித் தருவது அது. நாகை மீன்குழம்பில் ஊறிய நாக்குக்குச் சிங்கப்பூரின் தேங்காய்ப்பால் லக்சாவைக் காட்டிலும் அது விரைவில் பிடிபடும்.

இனி வரிசை பற்றி. வரிசையின் நீளம் சொல்லும் செய்தி குறைவு. அலுவலகப் பகுதியில் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு எந்தக் கடையிலும் வரிசை இருக்கும். வேறு சில கடைகளில் ஒரே வாணலி, ஒரே ஆள். அதனாலேயே வரிசை வளர்கிறது. கடைகளில் ஒட்டியிருக்கும், மிஷலின் என்னும் உணவக வழிகாட்டியின் அடையாளங்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சிங்கப்பூருக்கான மிஷலின் வழிகாட்டி 2016 முதல் வருகிறது. ஒட்டுத்தாளில் ஆண்டு அச்சிட்டிருப்பார்கள், பழைய ஆண்டு மட்டுமே இருந்தால் அதற்குப் பிறகு கை மாறியிருக்கவும் கூடும். நான் பார்ப்பது வேறு இரண்டு. ஒன்று, சாப்பிட்டு எழுந்தவர்களின் கிண்ணம்: இறால் மீக் கடையில் கிண்ணங்கள் சொட்டு மிச்சமில்லாமல் திரும்பினால் அந்தச் சாறு குடிக்கத் தகுந்தது, நூடுல்ஸ் தீர்ந்து சாறு பாதி நின்றால் உப்போ இனிப்போ தூக்கலாக இருக்கும். மற்றொன்று, கடை முன் நிற்கும்போது வரும் வாசனை: வறுத்த ஓட்டின் மணம் வர வேண்டும், பழைய கருவாட்டு நெடி வந்தால் நகர்ந்துவிடலாம். பெற்றோரை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பது தேவையற்றது. காலை பத்தரை, பதினொன்றுக்குள் போய்விடுங்கள். இறால் மீக் கடைகளில் பல காலையிலேயே திறந்து, காய்ச்சிய சாறு தீர்ந்ததும் பிற்பகலில் மூடிவிடும். வாரத்தில் ஓரிரு நாள் விடுமுறையும் கடைக்குக் கடை மாறும் என்பதால் முந்தைய நாளே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், காவிரிப் படுகையிலிருந்து போகிறவர்களைத் தெலுக் ஆயர் வீதிக்கே அனுப்புவேன். இன்று உயரமான கட்டடங்களுக்கு இடையில் கிடக்கும் அந்த வீதி ஒருகாலத்தில் கடற்கரை. கப்பலில் வந்தவர்கள் கால் வைத்த இடம். நாகூர் ஆண்டவரின் நினைவாக நம் பக்கத்து மரக்காயர்களும் பிறரும் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. சில கட்டடங்கள் தள்ளி, 1839இல் தொடங்கி 1842இல் முடித்த தியான் ஹொக் கெங் என்னும் ஹொக்கியன் மக்களின் கடல்தெய்வக் கோயில் நிற்கிறது. இன்னும் சற்று நடந்தால், குச்சுப் பள்ளி என்று நம்மவர் அழைத்த அல் அப்ரார் பள்ளிவாசல். கடலைத் தாண்டி வந்த இரு கூட்டத்தாரும் உயிரோடு சேர்ந்ததற்கு நன்றி சொன்ன வீதி என்பதால், அங்கே நின்று பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையத்துக்கு (பல சிறு உணவுக்கடைகள் ஒரே இடத்தில் கூடியிருக்கும் அங்காடி) போய் நூடுல்ஸ் சாப்பிடுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வார நாட்களில் நண்பகலில் அங்கே அலுவலகக் கூட்டம் மொய்க்கும். வார இறுதியில் பல கடைகள் திறப்பதில்லை.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சீனர் கடைகளின் ஹொக்கியன் மீயிலும் இறால் மீயிலும் பன்றி மூன்று இடங்களில் இருக்கலாம். மேலே வைக்கும் இறைச்சித் துண்டு கண்ணுக்குத் தெரியும். பன்றிக்கொழுப்பை வறுத்தெடுத்த சிறு துண்டுகள் பார்வைக்கு வறுத்த தேங்காய்ப்பல் போலவே இருக்கும், தெரியாமல் மென்றுவிட வாய்ப்புண்டு. மூன்றாவது, சாற்றிலேயே காய்ச்சியிருக்கும் எலும்பு. “பன்றி வேண்டாம்” என்று சொன்னால் கடைக்காரர் மரியாதையோடு முதல் இரண்டையும் விட்டுவிடுவார்; சாறு அதே சாறுதான். எனவே கேட்க வேண்டிய கேள்வி, “சாற்றில் பன்றி எலும்பு போடுகிறீர்களா?” என்பதே. கடைக்காரரை வயதுக்கேற்ப அங்கிள் என்றோ ஆன்ட்டி என்றோ அழைத்துக் கேட்டால், ஒளிக்காமல் சொல்வார்கள். பன்றி எலும்பில்லாமல் இறாலும் கோழி எலும்பும் கொண்டு காய்ச்சும் கடைகளும் இருக்கின்றன. “பன்றியும் பன்றிக்கொழுப்பும் இல்லை” என்ற அறிவிப்பு வேறு, சிங்கப்பூர் இஸ்லாமியச் சமய மன்றம் வழங்கும் ஹலால் சான்றிதழ் வேறு. உங்கள் அப்பாவுக்கு முதல் வகையே போதும். உடன் வருகிறவர்களில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டும்.

இத்தனை விசாரிப்பு வேண்டாம் என்றால், கேலாங் செராய் சந்தையிலோ தேக்கா நிலையத்திலோ உள்ள மலாய், இந்திய முஸ்லிம் கடைகளுக்குப் போய் மீ கோரெங் வாங்குங்கள். அதே மஞ்சள் நூடுல்ஸை மிளகாய் விழுது, தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டையோடு வறுத்துத் தரும் இந்த உணவு, மலாயாவில் கடைபோட்ட இந்திய முஸ்லிம்களின் கைவண்ணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கணவாய் சேர்த்துத் தரச் சொல்லலாம். அங்கே “பாய்” என்றோ “அண்ணே” என்றோ அழைத்துத் தமிழிலேயே பேசினால், எந்த ஊர் என்ற கேள்வி உடனே வரும்; முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், நாகூர் என்று ஏதோ ஒரு பெயர் இருவருக்கும் பொதுவாக அமைந்துவிடுவது உண்டு. இறால் தலைச் சாற்றின் ஆழம் மீ கோரெங்கில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது வேறு உணவு, வேறு சுவை.

உணவங்காடி நிலையங்களின் நடைமுறை எளிது. சிங்கப்பூரின் இந்த அங்காடிப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. அதன் எழுதாத சட்டங்களில் முதலாவது, மேசையில் ஒரு கைத்தாள் பொட்டலம் கிடந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறார் என்பது. நீங்களும் அப்படியே பிடித்து வைக்கலாம், அல்லது பெற்றோரை உட்காரவைத்துவிட்டு வரிசைக்குப் போகலாம். ஒரு தட்டு ஏறத்தாழ 5 முதல் 8 வெள்ளிக்குள் அடங்கும். டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள். பெரிய இறால் போட்டது விலை கூடுதல், ஆனால் சாறு ஒன்றே என்பதால் முதல் தடவை சிறிய தட்டே போதும். சில்லறையாகப் பணம் வைத்திருங்கள், அட்டையை வாங்காத கடைகள் இன்னும் இருக்கின்றன. சாப்பிட்ட தட்டை நீங்களே எடுத்துவைக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் இது சட்டம், முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி அபராதம். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் கடைத் தட்டுக்கும் மற்றதற்கும் தனித்தனிப் பகுதி இருக்கும், மாற்றி வைத்துவிடாதீர்கள்.

ஹொக்கியன் மீயைச் சில கடைகளில் பாக்கு மட்டையில் வைத்துத் தருகிறார்கள்; சூடு பட்ட மட்டையின் மணம் நூடுல்ஸில் ஏறும், கிடைத்தால் அப்படியே கேளுங்கள். தட்டின் ஓரத்தில் சம்பல் என்னும் மிளகாய் விழுதும் ஒரு சிறிய எலுமிச்சையும் இருக்கும். கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்த பெலாச்சான் அந்தச் சம்பலில் சேர்ந்திருப்பதால், நம் கருவாட்டுத் துவையலுக்குப் பழகியவர்களுக்கு அதன் நெடி சங்கடம் தராது. எல்லாவற்றையும் முதலிலேயே கலக்கிவிடாமல், முதல் இரண்டு வாய் வெறும் நூடுல்ஸாகச் சாப்பிட்டுச் சாற்றை அறிந்துகொண்டு, பிறகு எலுமிச்சையைப் பிழிந்து, சம்பலைத் தொட்டுக்கொள்ளுங்கள். குச்சி பழக்கமில்லை என்றால் முள்கரண்டி கேட்கலாம், யாரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள். பொட்டலமாக வாங்கிக்கொண்டு அறைக்குப் போவது வேண்டாம். போய்ச் சேர்வதற்குள் நூடுல்ஸ் சாற்றையெல்லாம் குடித்து ஊதிவிடும்.

உடல்நலம் பற்றி இரண்டே செய்திகள். லக்சாவிலும் குவே தியாவ் என்னும் தட்டை நூடுல்ஸ் வறுவலிலும் ஒரு வகை மட்டியை அரைவேக்காடாகப் போடுவார்கள். சேற்றில் வாழும் மட்டி நீரை வடிகட்டி உண்ணும்போது அதிலுள்ள கிருமியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். 1988இல் ஷாங்காயில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேருக்குப் பரவிய மஞ்சள் காமாலை அப்படி வந்ததுதான். ஆகவே வயதானவர்களுக்கு வாங்கும்போது “ஹம் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள், அங்கே அந்த மட்டிக்கு அதுதான் பெயர். அடுத்து, குடும்பத்தில் யாருக்காவது இறால் ஒவ்வாமை இருந்தால், இறால் துண்டை மட்டும் ஒதுக்கிச் சாப்பிடுவது பயன் தராது. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் கொதித்தாலும் அழியாது, சாற்றில் முழுமையாக இறங்கியிருக்கும், வாணலியும் பொதுவானது.

அம்மாவுக்குச் செவ்வாய், வெள்ளியில் இந்தக் கடைகளில் “காய்கறி மட்டும் போட்டு” என்று கேட்டு வாங்கித் தர வேண்டாம். சிப்பிச் சாறு, பெலாச்சான், இறால் சாறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று எப்படியும் கலந்திருக்கும். பௌத்த சைவக் கடைகள் பல உணவங்காடி நிலையங்களில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்ப்பதில்லை, நம் வீட்டு விரத நாள் ஒழுங்குக்கு அது வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் சீனர்களில் பலர் சைவம் உண்பதால் அன்று அங்கே கூட்டம் அதிகம். அதுவும் சரிப்படாவிட்டால், சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸ் இருக்கிறது; இறால் மீக்கான நாளைத் திங்கள், புதன் என்று மாற்றிக்கொள்வது அதைவிட எளிது.

கடைசியாக, வீட்டில் செய்ய முடியுமா என்ற கேள்வி. செய்யலாம், மூலப்பொருளில் நாம் அவர்களைக் காட்டிலும் வசதியானவர்கள். அக்கரைப்பேட்டையிலோ நாகை மீன் அங்காடியிலோ காலையில் ஒரு கிலோ இறாலைத் தலையோடு வாங்குங்கள். தலை கறுத்திருந்தாலும், உடலை விட்டுத் தொங்கினாலும் விட்டுவிடுங்கள். இறால் தலையிலிருந்துதான் கெடத் தொடங்குகிறது, கெட்ட தலையில் காய்ச்சிய சாறு கசக்கும். உரித்துத் தரச் சொன்னால் தலையையும் ஓட்டையும் தனியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூடையில் போய்விடும். அவற்றை நிறையச் சின்ன வெங்காயம், பூண்டுடன் எண்ணெயில் சிவக்க வறுத்து, கரண்டியால் தலைகளை நசுக்கி, ஒன்றரை லிட்டர் நீரும் பன்றி எலும்புக்குப் பதிலாகக் கோழி எலும்பும் ஒரு துண்டு கற்கண்டும் சேர்த்து, முக்கால் மணி நேரம் சிறு தீயில் வைத்து வடியுங்கள். மஞ்சள்தூளும் புளியும் வேண்டாம், வெள்ளை மிளகு போதும். தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் கிடைக்கும் உலர் முட்டை நூடுல்ஸையும் தடித்த அரிசிச் சேவையையும் கலந்து கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது வேதாரண்யம், சீர்காழிப் பக்கத்துப் பண்ணைகளின் வனாமி இறால்தான் அதிகம் வரும். அதன் சதை நன்றாகவே இருக்கும், ஆனால் தலைச்சாறு கடலிறாலைவிட மெலிவு. பண்ணை இறாலில் செய்வதானால் ஒரு பிடி உலர்ந்த சென்னாகூனியையும் வறுத்துச் சேர்த்துக் காய்ச்சுங்கள்.